மருத்துவமனை எழுத்துப் பணியும் அதற்கான பயிற்சியும்

பால் வெட்டி முடித்து, வாளியைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு வரும் தொழிலாளிக்கு, பாலை நிறுத்து எழுதுகின்றவரின் பேனாவுக்கு உள்ள வலிமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஓர் இலக்கம் மாறினால் அன்றைய உழைப்பில் ஒரு பகுதி காணாமற் போய்விடும். செக்குரோலில் ஒரு நாள் விடுபட்டுவிட்டால், சம்பள நாளன்று கிராணியின் மேசை முன் நின்று வழக்குரைக்க நேரிடும். மருத்துவமனையிலும் இத்தகைய பேனா ஒன்று உண்டு. அது மருத்துவரின் பேனா அன்று. தாதியின் பேனாவும் அன்று. நோயாளியின் பெயரை முதன்முதலில் எழுதி, அவருக்கு ஓர் எண் கொடுத்து, அவருடைய கோப்பைத் தேடி எடுத்து, மருத்துவரின் மேசைக்கு அனுப்பி வைக்கின்ற எழுத்தரின் பேனா அது. இன்று அந்தப் பேனாவின் இடத்தைப் பெரும்பாலும் கணினி பிடித்துக்கொண்டது எனினும், பொறுப்பு மாறவில்லை.

நம் தோட்டப்புறப் பெற்றோர்களிடம், "பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வேலை" என்று சொன்னால், உடனே அவர்கள் நினைவில் தோன்றுவோர் மூவர்: டாக்டர், நர்ஸ், டிரஸ்ஸர். இம்மூவரையும் தவிர, மருத்துவமனையின் அன்றாட அலுவல்களை நடத்திச் செல்கின்ற வேறொரு கூட்டத்தார் உள்ளனர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மருத்துவ அலுவலக நிர்வாகம் என்று இத்துறையை அழைக்கின்றனர். பதிவு முகப்பிடம், மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு, வருவாய்ப் பிரிவு, மருத்துவ நிபுணர்களின் செயலாளர் அறை ஆகியவை யாவும் இதனுள் அடங்கும். இப்பணிக்கு ஊசி போடத் தெரிய வேண்டுவதில்லை. இரத்தத்தைக் கண்டு அஞ்சாத நெஞ்சும் கட்டாயமில்லை. தெளிவாக எழுதவும், பொறுமையாகக் கேட்கவும், கேட்டதை வெளியே சொல்லாதிருக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும்.

அம்பாங் பெச்சாவிலிருந்து நம் பேச்சைத் தொடங்குவோம். உடைந்த அணை என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். 1883ஆம் ஆண்டில் அங்கிருந்த அணை உடைந்து, பழைய கோலகுபு நகரைப் பெருவெள்ளம் சூறையாடியது. அவ்வட்டாரத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்பாரும் அதில் மாண்டார். அதன் பின்னரும் ஆற்றில் மணல் மேலிட்டு, வெள்ளத் தொல்லை தீராமையால், நகரையே வேறிடத்திற்கு மாற்றினர். அதுவே இன்றைய கோலகுபு பாரு. அங்குள்ள மாவட்ட மருத்துவமனைக்குத்தான் அம்பாங் பெச்சா மக்களும், கெர்லிங், ராசா, பத்தாங் காலி வட்டாரத்துத் தோட்ட மக்களும் செல்கின்றனர். மேற்கே கோலசிலாங்கூர் மாவட்டத்தார் தஞ்சோங் காராங் மருத்துவமனையை நாடுகின்றனர். நோய் கடுமையாக இருந்தால் செலாயாங்கிற்கோ சுங்கை பூலோவிற்கோ அனுப்பப்படுகின்றனர். ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நோயாளி செல்லும்போது, அவருக்கு முன்னால் செல்வது ஒரு கடிதம். அக்கடிதத்தில் பெயரும் எண்ணும் சரியாக இல்லாவிட்டால் நிகழ்வது என்னவென்பதை நாம் நேரில் கண்டிருக்கின்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன், நாம் ஆசிரியப் பயிற்சியை முடித்துத் தோட்டப் பள்ளியொன்றில் பணிபுரிந்து வந்த காலம் அது. எம் அத்தையாரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. காலை 7 மணிக்கு எண் சீட்டுப் பெற்றோம். மருத்துவரைக் காணும்போது மணி 11ஐத் தாண்டிவிட்டது. மருத்துவர் கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நீரிழிவு மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்கின்றீர்களா என்று வினவினார். அத்தையாருக்கு நீரிழிவே கிடையாது. மேசை மேல் இருந்தது, அதே பெயருடைய வேறொரு பெண்மணியின் கோப்பு. அது மட்டுமாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு வந்திருக்கலாம். எம் அத்தையாருக்குப் பென்சிலின் ஊசி ஒவ்வாது. முன்பொரு முறை போட்டபோது முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறியது. அவருடைய சொந்தக் கோப்பில் அதனைச் சிவப்பு மையால் எழுதியிருந்தனர். அந்தக் கோப்பு அன்று முழுவதும் கிடைக்கவில்லை. மருத்துவர் கேள்வி கேட்டார், அதனால் பிழைத்தோம். கேட்காத மருத்துவராக இருந்திருந்தால்?

பெயர் என்னும் சிக்கல்

நம்மவரின் பெயர்களை உரோமன் எழுத்துகளில் எழுதுவதில் உள்ள குழப்பம் சொல்லி முடியாது. லெட்சுமி என்னும் ஒரே பெயரை ஒருவர் எல், ஈ, டி, சி, எச் என்று தொடங்குவார். மற்றொருவர் எல், ஏ, கே, எஸ், எச் என்று எழுதுவார். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, தோட்டத்துச் செக்குரோலில் மற்றொன்று என மூன்று வடிவங்களில் உலவுகின்ற பெயர்கள் நம்மிடையே ஏராளம். அந்நாளில் பெயர் பதிந்த அலுவலர் காதில் விழுந்ததை எழுதினார். படிக்கத் தெரியாத பெற்றோர் தலையசைத்துவிட்டு வந்தனர். இதில் யாரையும் குறை கூறுவதால் பயனில்லை. ஆயினும், மாரியம்மா என்று அழைத்தால் மூன்று பேர் எழுந்து நிற்கின்ற காத்திருப்புக் கூடத்தில், இக்குழப்பம் உயிரோடு விளையாடுகின்றது.

ஆகவே, இத்துறைப் பயிற்சியில் முதல் பாடமே ஆளை அடையாளம் காணுதல் ஆகும். பெயரை மட்டும் நம்பாதே. குறைந்தது இரண்டு அடையாளங்களை ஒப்பிட்டுப் பார் என்பது உலகெங்கும் மருத்துவமனைகளில் பின்பற்றப்படும் விதி. நம் நாட்டில் இதற்கு அடையாள அட்டை பெருந்துணை புரிகின்றது. அதிலுள்ள 12 இலக்கங்களுள் முதல் 6 பிறந்த நாளைக் குறிக்கும். அடுத்த 2 பிறந்த மாநிலத்தைக் காட்டும். சிலாங்கூருக்கு உரியது 10. இறுதி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். நல்ல எழுத்தர், "நீங்கள்தானே மாரியம்மா?" என்று கேட்கமாட்டார். அப்படிக் கேட்டால், காது மங்கிய மூதாட்டி எவரும் ஆமென்று தலையசைத்துவிடுவார். "உங்கள் பெயர் என்னம்மா? எந்த ஆண்டு பிறந்தீர்கள்?" என்று கேட்டு, பதிலை அவர் வாயிலிருந்தே வருவித்து, அட்டையோடு ஒப்பிடுவார். சிறிய வேறுபாடுதான், ஆனால் பயிற்சி பெற்றவரையும் பெறாதவரையும் பிரித்துக் காட்டுவது இதுவே.

கோப்புகளின் நிரை

காகிதக் கோப்புகள் உள்ள மருத்துவமனைகளில், இலட்சக்கணக்கான கோப்புகளை எப்படி அடுக்குகின்றனர் என்பது சுவையான செய்தி. 1, 2, 3 என வரிசையாக அடுக்குவதே எளிது எனத் தோன்றும். அப்படிச் செய்தால் என்ன ஆகும்? புதிய நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் கடைசி அலமாரியிலேயே வந்து குவியும். அடிக்கடி எடுக்கப்படுபவையும் பெரும்பாலும் அவையே. எழுத்தர்கள் அத்தனை பேரும் அந்த ஓர் அலமாரியின் முன் முட்டி மோதிக்கொள்வர். மற்ற அலமாரிகள் தூசி படிந்து கிடக்கும்.

இதற்கு மாற்றாக வந்ததே இறுதி இலக்க முறை. 452713 என்பது ஒரு நோயாளியின் எண் எனக் கொள்வோம். அதனை 45, 27, 13 என மூன்று இணைகளாகப் பிரிக்க வேண்டும். கோப்பைத் தேடுபவர் பின்னாலிருந்து தொடங்குவார். முதலில் 13ஆம் பகுதிக்குச் செல்வார். அங்கே 27ஐத் தேடுவார். அதனுள் 45ஐக் காண்பார். 00 முதல் 99 வரை 100 பகுதிகள். அடுத்து வருகின்ற நோயாளியின் எண் 452714. அவருடைய கோப்பு 14ஆம் பகுதிக்குப் போய்விடும். அதற்கடுத்தது 15க்கு. இவ்வாறாகப் புதிய கோப்புகள் எல்லாப் பகுதிகளிலும் சமமாகப் பரவும். தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை கொடுத்து மரங்களைப் பங்கிடுவது போல, ஒவ்வோர் எழுத்தருக்கும் சில பகுதிகளை ஒப்படைத்துவிடலாம். எந்த நிரையில் பால் குறைந்தது என்று மண்டோர் கண்டுபிடிப்பது போலவே, எந்தப் பகுதியில் கோப்பு தவறியது, அதற்குப் பொறுப்பாளர் யார் என்பதும் தெரிந்துவிடும். இலக்கங்களுக்கு வண்ணப் பட்டைகளும் ஒட்டப்படுவதுண்டு. சிவப்புப் பட்டைகளின் நடுவே ஒரு பச்சைப் பட்டை நுழைந்திருந்தால் கண் உடனே காட்டிக்கொடுக்கும்.

கோப்பை எடுக்கும்போது, அவ்விடத்தில் ஓர் அட்டையைச் செருகி, யாருக்காக, எந்தப் பிரிவுக்கு, எந்நாளில் எடுக்கப்பட்டது என்று எழுதி வைக்க வேண்டும். எம் அத்தையாரின் கோப்பு கிடைக்காமற் போனதற்கு, யாரோ ஒருவர் அந்த அட்டையை எழுத மறந்ததே காரணமாக இருந்திருக்கும் என்பது நம் ஊகம்.

செலாயாங் மருத்துவமனை 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்டபோது, காகிதக் கோப்புகளை விடுத்து முழுமையாகக் கணினி வழியே தகவல்களைக் கையாளும் முறையை நம் நாட்டில் முன்னோடியாக மேற்கொண்டது. அத்தகைய இடங்களில் அலமாரியும் இல்லை, அட்டையும் இல்லை. எனினும், தவறான எண்ணைத் தட்டினால் தவறான ஆள்தான் திரையில் தோன்றுவார். கணினி அதனைத் தானாகவே திருத்திக் கொடுக்கும் என்று எண்ணிவிடலாகாது.

நோய்க்கு ஓர் எண்

நோயாளிக்கு எண் இருப்பது போல் நோய்க்கும் எண் உண்டு. ஒரு மருத்துவர் இனிப்புநீர் என்பார். மற்றொருவர் நீரிழிவு என்பார். ஆங்கிலத்தில் ஒருவர் சுருக்கியும் மற்றவர் விரித்தும் எழுதுவார். எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணிக் கணக்கெடுக்க வேண்டுமாயின் பொதுவான குறியீடு தேவை. பிரெஞ்சு நாட்டுப் புள்ளியியல் அறிஞர் ஜாக் பெர்டியோன் தொகுத்த இறப்புக் காரணப் பட்டியல் 1893ஆம் ஆண்டில் அனைத்துலக அளவில் ஏற்கப்பட்டது. 1948ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பொறுப்பேற்று, இறப்பு மட்டுமன்றி நோய்களையும் சேர்த்து விரிவாக்கியது. அதன் பத்தாம் திருத்தத்தில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஈ11 என்றும், உயர் இரத்த அழுத்தத்திற்கு ஐ10 என்றும், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலுக்கு ஏ27 என்றும் குறியீடுகள் உள்ளன. பால்மரக் காட்டில் பாம்பு தீண்டினால் அந்த நஞ்சுக்கும் டி63.0 என்று ஓரிடம் உண்டு. பதினோராம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மாறுவது நாடுதோறும் படிப்படியாக நடைபெறுகின்ற வேலை. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, உரிய குறியீட்டை இடுவதும் ஒரு தனிப் பயிற்சியே.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். இச்சிலாங்கூர் மண்ணிலேயே விடை உள்ளது. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் அரசாங்க மருத்துவராகப் பணியேற்ற மால்கம் வாட்சன், மலேரியாவால் மக்கள் மடிவதைக் கண்டு, சதுப்பு நிலங்களை வடிக்கச் செய்தார். அம்முயற்சி பலன் தந்தது என்பதை அவர் எப்படி நிறுவினார்? ஆண்டுதோறும் எத்தனை பேர் காய்ச்சலால் வந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்னும் கணக்குகளை ஒப்பிட்டுக் காட்டித்தான். அவருடைய ஆய்வு பின்னர் தோட்டங்களுக்கும் விரிந்தது. 1911ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் அன்று பெயர் பதிந்தவர்களை இன்று எவரும் நினைப்பதில்லை. ஆனால், அவர்கள் எழுதி வைத்ததைக் கொண்டே நம் பாட்டன்மார் பலர் உயிர் பிழைத்தனர். இன்று டெங்கி கண்டால் மருத்துவர் சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தாக வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் கூறுகின்றது. அந்த அறிவிப்பில் நோயாளியின் வீட்டு முகவரி பிழையாக இருந்தால், புகையடிக்கும் குழுவினர் வேறொரு லயத்தில் புகையடித்துவிட்டுத் திரும்புவர்.

சொற்களைக் கற்றல்

மருத்துவச் சொற்களைக் கண்டு பலர் மிரளுகின்றனர். அவற்றிற்குள் ஒழுங்கு ஒன்று உண்டு; அதனைப் பிடித்துக்கொண்டால் அச்சம் தீரும். பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கோத்துச் செய்தவை. சொல்லின் இறுதியில் ஐட்டிஸ் என வந்தால் அழற்சி. கேஸ்ட்ரைட்டிஸ் என்றால் இரைப்பை அழற்சி. ஹெப்பட்டைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டு அழற்சி. எக்டமி என முடிந்தால் வெட்டி அகற்றுதல். குடல்வாலை அகற்றும் அறுவை அப்பெண்டெக்டமி. ஹைப்பர் என்றால் மிகுதி. ஹைப்போ என்றால் குறைவு. இங்கேதான் விழிப்பாக இருக்க வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா என்பது இரத்தத்தில் சர்க்கரை மிகுதல். ஹைப்போகிளைசீமியா என்பது சர்க்கரை குறைதல். இரண்டிற்கும் எழுத்தில் வேறுபாடு சிறிதே. சிகிச்சையோ நேர் எதிரானது. மருத்துவர் சொல்லச் சொல்லக் கடிதம் தட்டெழுதுகின்ற செயலாளர், பொருள் தெரியாமல் காதால் மட்டும் கேட்டு எழுதினால், ஒன்று மற்றொன்றாகிவிடும்.

தமிழ் தெரிந்த எழுத்தருக்கு நம் வட்டாரத்தில் தனி மதிப்பு உண்டு. "நெஞ்சு கரிக்குது", "தலை கிறுகிறுன்னு வருது" என்று மூதாட்டி ஒருவர் சொல்லும்போது, அதனை மலாய் மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். எனினும் ஓர் எச்சரிக்கை. எழுத்தர் சொன்னதை மட்டுமே சொல்ல வேண்டும். நெஞ்சு கரிப்பை வாயு என்று தாமே முடிவு செய்து எழுதிவிடக் கூடாது. அது இருதய நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

வாய் காத்தல்

இது பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம். வாழ்க்கையில் ஒன்பது பக்கம். தோட்டத்துப் பெண் ஒருத்தி அருகிலுள்ள மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தால், அவளுக்குத் தெரிந்த முகங்களே முகப்பிடத்தில் வந்து நிற்கும். யாருக்குக் காசநோய், யாருடைய மகள் கருவுற்றிருக்கின்றாள், யார் மனநலப் பிரிவுக்குச் சென்றார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். மாலையில் குழாயடியில், "ஏம்மா, இன்னைக்கு அந்த அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்களாமே, என்ன உடம்புக்கு?" என்று ஒருத்தி அன்போடுதான் கேட்பாள். அவள் தன் சொந்த அத்தையாகவே இருப்பாள். "எனக்குத் தெரியாது அத்தை" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். முகம் கோணினாலும் சரி, கர்வம் பிடித்தவள் என்று பேசினாலும் சரி. ஒரு முறை வாய் தவறினால், நோயாளிகள் மருத்துவமனைக்கு வருவதையே நிறுத்திவிடுவர். காசநோயை மறைத்து வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருப்பர். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் மருந்தகங்களையும் மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்துகின்றது. அரசாங்கத்திற்கு அச்சட்டம் பொருந்தாது எனினும், அரசு ஊழியர்களுக்கு இரகசியம் காக்கும் கடமை தனியே உண்டு.

தொழிலாளிக்கு இதனால் என்ன?

மருத்துவ விடுப்புச் சீட்டை எண்ணிப் பாருங்கள். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைவான சேவை உடையவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குட்பட்டவருக்கு 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டுமாயின் 60 நாள். 2023 ஜனவரி முதல் இது மேற்சொன்ன நாட்களோடு சேராமல் தனியே கணக்கிடப்படுகின்றது. சீட்டில் தேதியோ பெயரோ பிழையாயின், தோட்ட அலுவலகத்தில் அது ஏற்கப்படாமற் போகலாம். வேலையிடத்தில் விபத்து நேர்ந்து சொக்சோவிடம் உதவி கோரும்போதும் இதே கதைதான். மருத்துவ அறிக்கையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்றிருந்தால், பணம் வருவதற்குள் கால் கடுக்க அலைய நேரிடும். விரல் இழந்த ஒருவர் ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைந்ததை நாம் அறிவோம். அந்த அறிக்கையைத் தயாரித்துக் கொடுக்கும் எழுத்தர் நம்மவரின் பெயர் முறையை அறிந்தவராக இருந்தால், தொடக்கத்திலேயே கேட்டுத் திருத்தியிருப்பார்.

பயிற்சிக்கான வழிகள்

அரசாங்க மருத்துவமனைகளில் எழுத்தர் பணிக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் அடிப்படைத் தகுதி. மலாய் மொழியில் நன்மதிப்புத் தேர்ச்சி இன்றியமையாதது. விண்ணப்பங்களைப் பொதுச் சேவை ஆணையத்தின் இணையத் தளம் வழியே செய்ய வேண்டும். போட்டி கடுமையானது, விண்ணப்பித்தவுடன் வேலை வரும் என்று காத்திருந்து காலத்தைக் கழிக்கக் கூடாது. பதிவு செய்துவிட்டு, வேறு வேலையில் சேர்ந்து அனுபவம் தேடுவதே அறிவுடைமை.

எஸ்.பி.எம். தேர்வில் தவறியவர்களுக்கும், படிவம் மூன்றோடு நின்றவர்களுக்கும் கதவு அடைபடவில்லை. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் 1, 2, 3 எனப் படிப்படியாக உயர்ந்து, அதன்பின் 4ஆம் நிலையில் டிப்ளோமாவாகவும் 5ஆம் நிலையில் உயர்நிலை டிப்ளோமாவாகவும் தொடர்கின்றது. முதல் நிலையில் சேர்வதற்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதுமானது. அலுவலக நிர்வாகமும் இதில் அடங்கும் துறைகளுள் ஒன்று. ஏற்கெனவே ஒரு மருந்தகத்தில் சில ஆண்டுகள் வேலை செய்தவர், தம் அனுபவத்தைச் சான்றுகளுடன் காட்டி, வகுப்புக்குச் செல்லாமலேயே சான்றிதழ் கோருவதற்கும் வழியுண்டு. இதைப் பலர் அறியார். ரவாங்கிலும் கோலசிலாங்கூரிலும் தனியார் மருந்தகங்களில் பத்தாண்டுகளாகப் பதிவு எழுதி, தொலைபேசி எடுத்து, தோட்ட நிர்வாகங்களுக்குக் கட்டணப் பட்டியல் அனுப்பி வருகின்ற எத்தனையோ பெண்கள், கையில் ஒரு தாளும் இல்லாமையால் அதே சம்பளத்தில் நின்றுவிட்டனர். அவர்கள் இவ்வழியைக் கேட்டறிதல் நன்று.

டிப்ளோமா படிக்க விரும்புவோர் எஸ்.பி.எம். தேர்வில் பொதுவாக 3 பாடங்களில் நன்மதிப்புப் பெற்றிருக்க வேண்டும். செயலாளர் பணி, அலுவலக மேலாண்மை, சுகாதாரப் பராமரிப்பு நிர்வாகம் எனப் பெயர்கள் பலவாறாக இருக்கும். பெயரைக் கண்டு மயங்காமல், பாடத்திட்டத்தில் மருத்துவச் சொல்லியல், பதிவேட்டு மேலாண்மை, மருத்துவமனையில் செய்முறைப் பயிற்சி ஆகிய மூன்றும் உள்ளனவா என்று பாருங்கள். செய்முறைப் பயிற்சி இல்லாத படிப்பு, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்ற கதைதான். தமிழ்நாட்டின் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் மருத்துவப் பதிவேட்டியலைத் தனிப் படிப்பாகவே நடத்தி வந்துள்ளனர். அமெரிக்காவில் 1928ஆம் ஆண்டிலேயே, போஸ்டன் நகர மருத்துவமனையொன்றில் பதிவேடுகளைக் காத்து வந்த கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் அம்மையாரின் தலைமையில் இத்தொழிலாளர்க்கு ஒரு சங்கம் தோன்றிவிட்டது. ஆகவே, இது ஏதோ இடைக்கால வேலை என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன்

இங்கே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. வண்ணத் துண்டறிக்கையுடன் தோட்டத்திற்கு வந்து, "வேலைக்கு நாங்கள் பொறுப்பு" என்று கூறிப் பிள்ளைகளைச் சேர்ப்போர் உண்டு. தாய் தன் சங்கிலியை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திய பின், அந்தச் சான்றிதழுக்கு அங்கீகாரம் இல்லை என்று அறிந்து கலங்கி நின்ற குடும்பத்தை நாம் சந்தித்திருக்கின்றோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட். அச்சம்பளத்தில் சேர்த்த பணம் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

டிப்ளோமா என்றால் மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்க வேண்டும். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பே இருக்க வேண்டும். திறன் சான்றிதழ் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையின் மைஸ்பைக் இணையத் தளத்தில் அம்மையத்தின் பெயரையும், எந்த நிலை வரை அதற்கு அனுமதி உண்டு என்பதையும் காணலாம். இணையம் பார்க்கத் தெரியாத பெற்றோர்கள், பள்ளி ஆசிரியரிடமோ, அருகிலுள்ள நாடி மையத்திலோ, வேலைக்குச் செல்லும் அண்டை வீட்டுப் பிள்ளையிடமோ கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். கால் மணி நேர வேலை. கடனுதவியும் இதையே பொறுத்தது. உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கே கிடைக்கும். திறன் பயிற்சிக்குரிய கடனை பி.டி.பி.கே. எனப்படும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் வழங்குகின்றது. "கடன் பிறகு வரும், இப்போது முன்பணம் கட்டுங்கள்" என்று அவசரப்படுத்துகின்றவரிடம், "எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகின்றவரிடம் பணம் கொடுக்கத் தயங்குவதில் தவறில்லை.

பிள்ளைகள் வீட்டிலிருந்தே தொடங்கக்கூடிய பயிற்சிகளும் உள. விசைப்பலகையைப் பாராமல் பத்து விரல்களாலும் தட்டெழுதப் பழகுவது ஒன்று. முன்னாளில் தட்டச்சுப் பொறி வைத்திருந்த வணிகப் பள்ளிகளைத் தேடிப் பட்டணம் போக வேண்டியிருந்தது. இன்று ஒரு பழைய கணினி போதும். தொலைபேசியில் வந்த செய்தியை ஒரு தாளில், யார், எப்போது, எதற்கு என்று மூன்று வரியில் எழுதி வைப்பது மற்றொன்று. ஆண் பிள்ளைகளுக்கு இது ஏற்றதன்று என்னும் எண்ணமும் வேண்டா. அந்நாளைய தோட்டத்துக் கிராணிகள் ஆண்கள்தாமே?

விண்ணப்பத்திற்கு முன்பாக வீட்டில் ஒரு வேலை இருக்கின்றது. பிள்ளையின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் பாயில் பரப்பி, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தந்தையின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். வேறுபாடு காணப்பட்டால், தேசியப் பதிவுத் துறை அலுவலகத்திற்குச் சென்று, திருத்துவதற்கு என்னென்ன பத்திரங்கள் தேவை என்று கேட்டு வாருங்கள். பிறப்புப் பத்திரமே இல்லாத, அல்லது அடையாள அட்டை கிடைக்காத பிள்ளைகள் நம் தோட்டங்களில் இன்றும் உள்ளனர். குடியுரிமை இன்றி அரசாங்கப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. ஆதலால், அத்தகைய பிள்ளைகளின் காரியத்தை எஸ்.பி.எம். முடியும் வரை ஒத்திப் போடாமல் இப்போதே தொடங்க வேண்டும். நேரில் செல்லும்போது மூலப் பத்திரங்களையும், அவற்றின் இரண்டிரண்டு நகல்களையும், பெற்றோர் இருவரின் அடையாள அட்டைகளையும், திருமணப் பதிவுப் பத்திரத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள்.